விலைக்கு முன் ஒரு வினா
(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் பழம்பொருள் ஒன்றேனும் இருக்கும். 'ரஜுலா' கப்பலில் வந்திறங்கிய பாட்டனாரின் தகரப்பெட்டியில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கு, பாட்டியார் அணிந்த காசுமாலை, அண்டை வீட்டுச் சீனர் குடும்பம் அன்பளிப்பாகத் தந்த பீங்கான் சாடி என அவை பலவகைப்படும். தீபாவளிக்கு முதல்நாள் துடைத்து வைப்பதோடு அவற்றின் நினைவும் மறைந்துவிடும். ஆனால், 'இது பெருவிலை பெறும் பொருளாயிற்றே!' என்று விவரமறிந்த விருந்தினர் ஒருவர் சொல்லிவிட்டால், அன்றிரவு அவ்வீட்டில் உறக்கம் இராது. விற்றால் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஆகும் என்பார் ஒருவர். முன்னோர் பொருளை விற்பது பாவம் என்பார் மற்றொருவர். நேற்றுவரை அவ்விளக்கை ஏறிட்டும் பாராத உடன்பிறப்புகள் இன்று பங்கு கேட்டு வந்து நிற்பர்.

இத்தகைய வேளையில் மக்கள் முதலில் கேட்கும் வினா, 'இதன் விலை என்ன?' என்பதாகும். முதலில் கேட்க வேண்டிய வினாவோ, 'இது யாருடையது?' என்பதே. இவ்விரு வினாக்களின் வரிசை மாறினால் என்ன நேரும் என்பதை உலகறிந்த மூன்று நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

முதல் நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பத்தார் 2007ஆம் ஆண்டில், வீட்டு வாசலில் நடைபெற்ற பழைய பொருள் விற்பனையில் வெள்ளை நிறக் கிண்ணம் ஒன்றை 3 டாலருக்கு வாங்கினர். அஃது அவர்களது வரவேற்பறையில் சில ஆண்டுகள் அலங்காரப் பொருளாக இருந்தது. பின்னர் ஐயம் தோன்றி, அறிஞர்களிடம் காட்டினர். சீனாவின் சொங் அரச மரபுக் காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், புகழ்பெற்ற திங் சூளையில் உருவான கிண்ணம் அஃது என்பது தெரியவந்தது. அதனை ஒத்த மற்றொரு கிண்ணம் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோதபி நிறுவனம் அதனை ஏலத்திற்குக் கொண்டுவந்தபோது, 2 முதல் 3 இலட்சம் டாலர் வரை கிடைக்கலாம் என மதிப்பிட்டிருந்தது. கிடைத்ததோ 22 இலட்சம் டாலருக்கும் மேல்!

அக்குடும்பத்தார் விற்றது தவறா? தவறென்று எவரும் சொல்ல முடியாது. பலரறிய நேர்மையாக வாங்கிய பொருள் அது. அதில் அவர்களுடைய முன்னோரின் நினைவு ஏதும் இல்லை. கை தவறினால் உடைந்துவிடும் கிண்ணத்திற்கு இத்தனை விலை என்று தெரிந்தபின், அதனைப் பழையபடி வரவேற்பறையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழவும் இயலாது. காப்புறுதி, பாதுகாப்புப் பெட்டகம், திருட்டுப் பயம் என்று கவலைகள் பெருகும். பொருள் மனிதனைக் காத்த நிலை மாறி, மனிதன் பொருளைக் காத்துக் கிடக்கும் நிலை வந்துவிடும். உரிமை தெளிவாக இருந்ததால், அவர்களுக்கு முடிவும் எளிதாயிற்று.

உரிமை தெளிவாக இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குத் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூர் சான்று. 1976ஆம் ஆண்டு, அவ்வூரின் சிதைந்த சிவாலயத்தின் அருகே கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டியபோது, நடராசப் பெருமானின் செப்புத் திருமேனி வெளிப்பட்டது. அது சோழர் காலத்துப் படைப்பு. வறுமையில் வாடிய அவர், அதனைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டார். பல கைகள் மாறிக் கடல் கடந்த அத்திருமேனியை, 1982ஆம் ஆண்டில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை இலட்சம் பவுனுக்கு வாங்கியது. இலண்டனில் இருந்தபோது காவல்துறையினர் அதனைக் கைப்பற்ற, வழக்கு மூண்டது. இடிந்து கிடந்த அக்கோயிலின் சார்பிலேயே உரிமை கோரப்பட்டது. வழிபாடின்றிக் கிடந்த ஆலயம் ஆங்கிலேயர் நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்று பலர் ஐயுற்றனர். முடியும் என்றது நீதிமன்றம். 1988ஆம் ஆண்டு கிடைத்த தீர்ப்பை 1991ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. பெருமான் தமிழகம் திரும்பினார்.

அத்தொழிலாளியைப் பழிப்பது எளிது. அன்றாடக் கூலிக்கு அல்லற்படும் ஒருவர் முன் காசு நீட்டப்படும்போது, மறுப்பதற்குப் பெரும் மனவலிமை வேண்டும். ஆயினும், 'சிவன் சொத்து குல நாசம்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததன் பொருளை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டெடுத்தவன் கையில் இருப்பதாலேயே ஒரு பொருள் அவனுடையதாகிவிடாது. கடவுளின் உடைமை, எத்தனை கைகள் மாறினாலும் கடவுளின் உடைமையே.

மூன்றாம் நிகழ்ச்சி அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நடந்தது. அங்குள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம், 2007ஆம் ஆண்டில் உமா பரமேசுவரி அம்மையின் பதினோராம் நூற்றாண்டுத் திருமேனியை நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அரியலூர் மாவட்டத்துச் சிவாலயத்திலிருந்து களவாடப்பட்ட திருமேனி அஃது என்னும் செய்தி பிற்காலத்தில் வெளிவந்தது. 2015ஆம் ஆண்டில் அரும்பொருளகம் அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தது. கொடுத்த விலை பெரிது. ஆயினும், உரியவரிடம் சேர்ப்பித்ததனால் அந்நிறுவனத்தின் மதிப்புக் குறையவில்லை, உயர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

இனி, இல்லத்து நிலைக்கு வருவோம். பாட்டனாரின் குத்துவிளக்கு யாருடையது? அதனை அலமாரியில் வைத்திருக்கும் மூத்த மகனுடையது மட்டுமன்று. மணமுடித்துச் சென்ற மகளுக்கும், வெளியூரில் வாழும் தம்பிக்கும் அதில் உரிமை உண்டு. அனைவரும் கூடிப் பேசி, இசைவை எழுத்தில் பதித்த பின்னரே விற்பனையைப் பற்றி எண்ண வேண்டும். வாங்க விரும்புபவர் சொல்லும் விலையை மட்டும் நம்பலாகாது; வாங்கும் எண்ணம் இல்லாத அறிஞர் இருவரிடமேனும் மதிப்புக் கேட்க வேண்டும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று எண்ணுவது தவறு. காலம் பூசிய நிறம் போய்விட்டால் மதிப்பும் போய்விடும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுடைமைப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேண்டும். மண்ணில் கிடைக்கும் தொல்பொருளை அதிகாரிகளிடம் அறிவிக்கவும் வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊருக்குச் சென்றபோது மலிவாகக் கிடைத்தது என்று பழஞ்சிலை வாங்கி வருவோர் இதனை மறக்கலாகாது.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், அதற்கும் கடமை உண்டு. பொருளைப் படமெடுத்து, அளவும் எடையும் குறித்து, யார் எப்போது கொண்டுவந்தார் என்னும் வரலாற்றை எழுதி வைக்க வேண்டும். கதை தெரியாத பேரன் கையில் பாட்டனாரின் விளக்கு வெறும் பித்தளையே.

ஆலயங்களுக்கும் இது பொருந்தும். குடமுழுக்குத் திருப்பணியின்போது புதியவை வந்துவிட்டன என்று பழைய மணியையும், தூண்டாமணி விளக்கையும், மரக்கதவையும் எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தோட்டத் தொழிலாளர்கள் தம் சம்பளத்தில் காசு காசாகச் சேர்த்துக் காணிக்கையாக்கிய பொருள்கள் அவை. நிர்வாகக் குழு அவற்றின் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர். ஒவ்வோர் ஆலயமும் உடைமைப் பதிவேடு ஒன்றைப் பேணி, ஆண்டுதோறும் சரிபார்ப்பது அவசியம்.

விற்பது பாவமன்று. வைத்திருப்பது மட்டுமே புண்ணியமாகவும் ஆகாது. உரியவர் அறிய, உள்ளம் உறுத்தாமல் எடுக்கப்படும் முடிவே நன்முடிவு. பிள்ளையின் படிப்புக்காக உடன்பிறந்தார் அனைவரும் ஒப்பி விற்ற விளக்கு, அப்பிள்ளையின் வாழ்வில் தொடர்ந்து எரியும். ஒருவரை ஒருவர் ஏய்த்து வைத்துக்கொண்ட விளக்கிலோ, எத்தனை நெய் வார்த்தாலும் ஒளி இராது.

அனைவர் இல்லங்களிலும் திருவருள் ஒளி பெருகுவதாக!