பத்திரம் பார்த்தாச்சு, வீட்டைப் பார்த்தீங்களா?

(வீடு வாங்க இருப்போருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு வாங்கப் போறோம்னா முதல்ல என்ன கேட்போம்? வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இப்போ வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். அவசியம் பாருங்கள். ஆனா இந்த ஆவணங்கள் சொல்வது, சொத்து யாருடையது, அதன் மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான். கூரைக்குள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கா, கழிப்பறைச் சுவர் ஊறிப்போயிருக்கான்னு எந்தப் பட்டாவிலும் இருக்காது.

"பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தாரே" என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்ப்பதே அவர் வேலை. உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. அதாவது, பார்க்காம விட்டா இழப்பு நமக்குத்தான்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வரும் புதுக் குடியிருப்பு என்றால், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் கட்டணமின்றி கட்டுநர் சரிசெய்து தர வேண்டும். தனி ஆளிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதனால, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, உள்ளாட்சி அமைப்பிலோ நகர ஊரமைப்பு அமைப்பிலோ பதிவு பெற்ற ஒரு கட்டட அமைப்புப் பொறியாளரை நீங்களே அழைத்துப் போங்கள். விற்பவரோ தரகரோ காட்டுகிற ஆள் வேண்டாம். அவரிடம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

• ஜன்னல், கதவு மூலைகளில் இருந்து சாய்வாக ஓடும் விரிசல். கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் என்பதால் அந்தப் பகுதிகளில் அஸ்திவாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.
• கூரையின் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா? கடலோரத்தில் உப்புக்காற்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.
• மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, ஓதம் இருக்கிறதா?
• மின் வயரிங், எர்த் இணைப்பு, குழாய்கள், கழிவுநீர்த் தொட்டி.
• அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டியிருப்பதும் ஒன்றா? அனுமதியில்லாத மாடி பின்னாளில் தலைவலி.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா, ஏன் என்று கேளுங்க. முடிந்தால் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெயிலில் தெரியாத கசிவு மழையில் தெரியும்.

வாய்வார்த்தை போதாது. படங்களோடு, பழுதுபார்க்க ஆகும் தோராயச் செலவோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கட்டணத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த அறிக்கையை வைத்து விலையைக் குறைக்கலாம், சரிசெய்து தருவதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதலாம், இல்லை வேண்டாம் என்று விலகலாம். உள்ளே வந்து பார்க்கவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்.

இருபது வருஷம் தவணை கட்டப்போற வீட்டுக்கு ஒரு நாள் சோதனை அதிகமில்லைங்க.