நாய் வளர்ப்போர் கடமை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசப் புகும் பொருள் நாய் வளர்ப்பு என்றவுடன் உங்களிற் சிலர் புன்முறுவல் கொள்ளுதல் கூடும். பிள்ளைகளின் கல்வி, மணவினைச் செலவு, உத்தியோகம் முதலியவற்றை ஆராய்தற்கு அமைந்த இவ்வவையில் நாய்க்கு என்ன இடம் என்று கேட்டலும் இயல்பே. ஆயினும், நம் தெருக்களிற் சிறுவர் தனித்து நடக்க அஞ்சுகின்றனர். கடிபட்டோர் மருத்துவமனை வாயிலில் ஊசிக்குக் காத்து நிற்கின்றனர். இதற்குத் தெருநாய்களையும் நகராட்சியையும் குறை கூறிவிட்டு நாம் அமைந்துவிடுகின்றோம். அந்நாய்களுட் சில நம் நண்பர் வீட்டுத் தொழுவத்திலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பிறந்தவை என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். ஆகலின், இன்று பிறரைப் பற்றியன்று, நம்மைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

தமிழர் வாழ்வில் நாய்க்குள்ள இடம் நேற்று வந்ததன்று. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் என இதற்குப் பெயர்கள் பல. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்றும், பெண்மைக்குப் பாட்டி என்றும் பெயர் வகுத்துள்ளது. வேட்டுவர் நாயொடு சென்று முயல் பிடித்தலைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். நாலடியார், தன்னைத் தாக்கிய தலைவனிடத்தும் அன்பு குன்றாத நாயின் தன்மையைக் காட்டி, யானை போல்வாரை விடுத்து நாய் போல்வாரையே நட்பாகக் கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. நாய் நமக்கு நட்பாயிருத்தலில் ஐயமில்லை. நாம் நாய்க்கு நட்பாயிருக்கின்றோமா என்பதே இன்றைய வினா.

நம்மவரிடத்துக் காணும் குற்றங்கள் மூன்று. பெருமைக்காக வாங்கிப் பேணாது விடுதல் ஒன்று. கட்டின்றித் தெருவில் அவிழ்த்துவிடுதல் ஒன்று. ஆராயாது குட்டி போடவிட்டு, அக்குட்டிகளைக் கண்டார்க்கெல்லாம் கொடுத்தல் ஒன்று. இவற்றை முறையே கூறுவேன்.

புதுவீடு கட்டினார் ஒருவர் வாயிலில் ஒரு நாயையும் கட்டுகின்றார். முதல் மாதம் வருவோர்க்கெல்லாம் அதனைக் காட்டி மகிழ்கின்றார். ஆறாம் மாதத்தில் அது மாடிப்படியின் கீழ் இரண்டு முழச் சங்கிலியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றது. சோறு வைத்தலும் கழிவு அள்ளுதலும் அதனை வேண்டுமென்று கேளாத மனையாளின் தலையில் விழுகின்றன. ஓயாது கட்டுண்ட நாய் வெகுண்டு குரைக்கும். அவிழ்ந்த நாளில் எதிர்ப்பட்டாரைக் கடிக்கும். அது நாயின் குணமன்று, சங்கிலியின் குணம். எப்பொழுதும் கட்டி வைத்த நாயை உரிய அளவு நடக்கவும் ஓடவும் விடாமையைக் குற்றமென்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கூறுகின்றது. வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு கைவிடுதலும் அச்சட்டப்படி குற்றமே. முதற் குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையேயாம். தண்டம் சிறிதென்பதனாற் பாவமும் சிறிதாகிவிடாது.

இரண்டாவது, அவிழ்த்துவிடுதல். காலையிற் கதவைத் திறந்து, “போய் வா” என்று விட்டுவிடுகின்றோம். அது பிறர் வாயிலில் மலங்கழிக்கின்றது. மிதிவண்டியிற் செல்லும் மாணாக்கனைத் துரத்துகின்றது. தெருவிலுள்ள பெண்ணாயோடு கூடி மீள்கின்றது. நம் வீட்டிற் குட்டி பிறவாமையால் நமக்குப் பொறுப்பில்லை என்று எண்ணுகின்றோம். ஆணாய்க்கு உரியவர் அங்ஙனம் எண்ணுதல் அறமாகுமா?

மூன்றாவதே பெருங்குற்றம். நாயின் கருப்பக்காலம் ஏறத்தாழ 63 நாள். பருவம் பெரும்பாலும் ஆண்டிற்கு இருமுறை வரும். ஓர் ஈற்றில் ஆறு குட்டி என்று கொள்வோம். ஆண்குட்டி மூன்றையும் நண்பர் விரும்பிப் பெறுகின்றனர். பெண்குட்டி மூன்றனுள் ஒன்றை ஒருவர் தயங்கிக் கொள்கின்றார். எஞ்சிய இரண்டும் சாக்கிற் கட்டிச் சந்தையருகிலோ குளக்கரையிலோ விடப்படுகின்றன. பிழைத்தது ஒன்றாயினும், ஓராண்டிற்குள் அதுவே ஐந்தாறு குட்டிக்குத் தாயாகின்றது. நாய்களுக்குக் கருத்தடை செய்தற்கென 2001ஆம் ஆண்டிலும், அதற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டிலும் மைய அரசு விதிகளை வகுத்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்து, 22ஆம் நாளிலேயே அதனைத் திருத்தியமைக்க நேர்ந்தது. நாடே நின்று வழக்காடும் பொருள் இது. அரசு ஒருபுறம் இறைக்க, நாம் மறுபுறம் ஊற்றுக்கண்ணைத் திறந்துவைத்தால் அக்கிணறு என்று வற்றும்?

இனி, நம் நாட்டு நாயினங்களைப் பற்றி ஒரு சொல். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பன ஊர்ப்பெயர் தாங்கிய இனங்கள். கன்னி என்னும் இனத்தை மணமகளுக்குச் சீராக அளித்தனர் என்பர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாயினங்களைப் பொறித்து வெளியிட்ட அஞ்சல் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. இவற்றைப் பேணுதல் நமக்குப் பெருமையே. ஆனால் பேணுதல் வேறு, பெருக்குதல் வேறு.

எனக்கு அறிமுகமான ஒருவர், “கலப்பு நேரக்கூடாது” என்று கருதி, ஒரே ஈற்றிற் பிறந்த வெள்ளை நாய்கள் இரண்டனை இணைத்தார். பிறந்த ஏழு குட்டிகளுள் இரண்டிற்குச் செவிப்புலன் இல்லை. அதனை அறியாது அவற்றையும் நண்பர்க்குப் பரிசாக அளித்தார். அவற்றுள் ஒன்று பேருந்தின் ஒலி கேளாமற் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. “கூப்பிட்டால் வராத திமிர் பிடித்த நாய்” என்று அதனை அதுவரை அவ்வீட்டார் அடித்துவந்தனர். நிறமூட்டும் நுண்ணணுக்கள் உட்செவியில் இல்லாதொழியின், பிறந்த சில வாரங்களில் ஆங்குள்ள கேள்வி நரம்பின் முனைகள் அழிந்துபோதல் உண்டு. தூய வெள்ளை நிற நாய்களிற் செவிடு மிகுதற்குக் காரணம் இதுவே. ஒரு செவி மட்டும் கேளாத நாயை உடையவரும் அறிதல் அரிது. அதனை மீண்டும் இனப்பெருக்கத்திற்கு விடின், குற்றம் வழிவழியாகத் தொடரும். நெருங்கிய குருதியுறவிற் பிறந்த குட்டிகளில் இத்தகைய மறைந்த குறைகள் வெளிப்படுதற்கு இடம் மிகுதி. இணைக்கு முன் கால்நடை மருத்துவரைக் கலந்து, இருபக்கத்து மூன்று தலைமுறையையும் ஆராய்தலே இனத்தைப் பேணும் முறை.

அயல்நாட்டு நாய்களை வளர்ப்பார்க்கும் ஒன்று கூறுவேன். 2003ஆம் ஆண்டளவில் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் தட்டை மூக்குடைய பக் நாய் தோன்றியது. அதன் பின் அதனை வேண்டாத வீடில்லை என்னுமாறு ஆசை பரவிற்று. அக்குறுமுகம் நமக்கு அழகாயிருக்கலாம். அந்நாய்க்கோ அது மூச்சுத் திணறல். நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் இளைத்து மூச்சு வாங்கியே தணித்துக்கொள்ளும்; மூச்சு வழி குறுகியது நம் கத்திரி வெயிலில் என் செய்யும்? பனிநாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த, இரட்டை மயிர்ப்போர்வை உடைய ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியிற் கட்டுவாரும் உளர். இதனை அன்பென்று சொல்ல என் நா எழவில்லை.

குட்டியைத் தாயினின்று பிரித்தலிலும் நாம் விரைகின்றோம். முப்பது நாட் குட்டியை, “பால் குடி மறந்துவிட்டது” என்று கொடுத்துவிடுகின்றோம். தாயொடும் உடன்பிறந்தவையொடும் இருந்து, கடியின் அளவையும் கூடி வாழும் முறையையும் குட்டி கற்கும் பள்ளிக்காலம் அது. அதனை இழந்தது அஞ்சியதாகவும் கடிப்பதாகவும் வளர்தல் கூடும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகள், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்றும், பதினெட்டு மாதம் நிரம்பாத பெண்ணாயை இணைத்தலாகாது என்றும், இனப்பெருக்கத் தொழில் செய்வார் பதிவு பெறல் வேண்டும் என்றும் கூறுகின்றன. நாம் வணிகரல்லேம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அவ்வளவை அறத்தின் அளவாகவும் கொள்ளத்தக்கது. தடுப்பூசியின்றிக் கொடுத்த குட்டி பார்வோ என்னும் கழிச்சல் நோயால் நான்கு நாளில் மாளுதலையும், அதனைத் தழுவி அழும் குழந்தையையும் எத்தனை வீடுகளிற் காண்கின்றோம்!

எல்லாவற்றினும் கொடியது வெறிநோய். மக்களுக்கு வரும் வெறிநோயுள் நூற்றுக்கு 99 பங்கு நாயினாலேயே வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் மீட்டல் பெரும்பாலும் இல்லை. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் முதற்கண் ஒரு சிறுவனுக்கு ஊசியிட்டு வழிகாட்டினார். 1907ஆம் ஆண்டிலேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிற்று. மருந்து இவ்வளவு காலமாக இருந்தும் உயிர் போதல் நம் அசட்டையாலன்றோ? “நம் வீட்டு நாய்தானே” என்று கீறலைப் பொருட்படுத்தாது விடற்க. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரை அடைக. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் ஊசியிட்டு, மருத்துவர் குறித்த காலத்தில் ஆண்டுதோறும் தொடர்க.

“கருத்தடை இயற்கைக்கு மாறானது, பாவம்” என்பார் சிலர். பிறந்த குருளையைக் குளக்கரையிற் பசித்துச் சாகவிடுதல் புண்ணியமோ? ஒருமுறையேனும் தாயானாலன்றிப் பெண்ணாய் நோயுறும் என்பதும் ஆதாரமற்ற நம்பிக்கை. கருத்தடை செய்த பெண்ணாய்க்குக் கருப்பையிற் சீழ் பிடிக்கும் கொடுநோய் நேர்வதற்கு இடமில்லாமற் போகின்றது.

“நண்பரிடம் இதனை எங்ஙனம் சொல்வது? மனம் நோவாரே” என்பார் வேறு சிலர். வினா உண்மையானதே. நாம் ஒருவர் வீட்டுத் திருமணத்தில் ஒருவர் நின்று நடத்துபவர். ஒரு நாயின்பொருட்டு உறவு கெடுமோ என்று அஞ்சுகின்றோம். ஆயினும், வழுவியவிடத்து முற்பட்டுக் கண்டித்தலே நட்பின் பயன் என்பது வள்ளுவர் துணிபு. பலர் முன்னிலையில் இகழாது, தனித்திருக்கும்போது இனிமையாகச் சொல்லுக. சொல்லுதலோடு நில்லாது, மருத்துவமனைக்கு உடன் செல்லுக. செலவிற்கு முட்டுப்பட்டாராயின் பகிர்ந்து கொள்ளுக. ஊருக்குச் செல்லுங்கால் அவர் நாயைப் பேணித் தருக. உதவியோடு வரும் சொல்லை வெறுப்பார் அரியர். வேண்டாத குட்டியை முகத்தாட்சணியத்திற்காக வாங்காமையும் ஒரு கண்டனமே. கொள்வார் இல்லையெனின் பிறப்பிப்பாரும் சிந்திப்பர்.

முடிவாக, இச்சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். நாய் வளர்க்கும் ஒவ்வோர் உறுப்பினரும் இவ்வாண்டிற்குள் அதற்கு வெறிநோய் ஊசி இடுவித்துச் சான்றினை வைத்துக்கொள்க. இனம் பேணும் ஆராய்ச்சியும், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் முன்னரே உறுதி செய்த இல்லமும் இல்லாதார் தம் நாய்க்குக் கருத்தடை செய்விக்க. திருமணத்திலும் புதுமனை புகுவிழாவிலும் கேளாதார்க்கு நாய்க்குட்டியைப் பரிசளிக்கும் வழக்கத்தை இன்றோடு விடுக. சங்கத்தின் சார்பில் ஆண்டிற்கு ஒருநாள் கால்நடை மருத்துவரை அழைத்து ஊசி முகாம் நடத்துதலைச் செயற்குழு ஆராயுமாறும் வேண்டுகின்றேன்.

பதினைந்து ஆண்டுகள் வரையும் வாழத்தக்க ஓருயிரை வீட்டிற்குள் அழைக்கின்றோம். அதற்கு நம்மைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. நம்மைக் குறித்து முறையிடும் நாவும் இல்லை. அதற்காகப் பேசவேண்டியவர் நாமே.