தாத்தா பாட்டிகளுக்குப் பத்து நிமிட வேலை
(கிளையின் குடும்ப ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், ஆசிரியர் அல்ல. குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி நான் செய்த தவறுதான். என் பிள்ளைக்கு ஆறு வயதானபோது, ஆபீஸ் களைப்போடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். தடுமாறினால் தலையில் ஒரு குட்டு. வாய்ப்பாடு வந்துவிட்டது, கணக்கில் ஆசை போய்விட்டது. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டான். சென்ற வருஷம் அவனுடைய ஐந்து வயதுப் பெண், "எனக்கும் அப்பா மாதிரி கணக்கு வராது தாத்தா" என்றாள். அன்று அந்தக் குட்டு என் தலையில் விழுந்தது.

இத்தனைக்கும் அவள் நூறு வரை மளமளவென்று ஒப்பிப்பாள். "ஏழு புளியங்கொட்டை எடு" என்றேன். ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கொட்டைக்கு ஒரு எண். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இது புரிந்த பிறகுதான் கூட்டலும் கழித்தலும்.

ஆகவே வீட்டிலிருப்பதைக் கொண்டே ஆரம்பித்தோம்.

முதலாவது, ஒற்றையா இரட்டையா. கைக்குள் கொட்டைகளை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு குழந்தையே ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்க்கட்டும். தனியாக ஒன்று மிஞ்சினால் ஒற்றை.

இரண்டாவது, டபரா விளையாட்டு. பத்துக் கொட்டைகளை எண்ணி வைத்து, சிலவற்றை டபராவால் மூடிவிட வேண்டும். வெளியே ஆறு, உள்ளே எத்தனை? சொன்ன பிறகு திறந்து பார்க்கலாம். சரியா தப்பா என்று டபராவே சொல்லிவிடும். நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது காய். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதே எண்ணும் பயிற்சி. காலியான குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்க, குழந்தை கண் கொட்டாமல் கவனிக்கும். "கடைசிக் காய் எங்கே விழும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள், யோசனையும் வளரும்.

நான்காவது, ஈர்க்குச்சிக் கட்டு. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பாண்டு. இரண்டு கட்டும் மூன்று உதிரியும் இருபத்துமூன்று. மூன்று கட்டும் இரண்டு உதிரியும் முப்பத்திரண்டு. வெளியூர்களில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. ஹிந்தியில் 'தேயீஸ்' என்பதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் 'இருபத்துமூன்று' என்ற சொல்லிலேயே கட்டும் உதிரியும் தெரிகின்றன.

இனி எழுத்து. விஜயதசமியன்று அரிசியில் எழுத வைக்கிறோம். மறுநாள் அந்தத் தட்டைக் கவிழ்த்துவிடுகிறோம். மற்ற நாட்களிலும் அது இருக்கட்டும். 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். கோடுகளால் ஆன ட, ப இரண்டையும் முதலில் விரலால் எழுதட்டும். பிறகு ம. இந்த மூன்றையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, புள்ளிக்குப் பதிலாக ம-வின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அது 'ம்'. படம், மடம் வந்துவிடும். இன்னொரு ட அட்டையின் தலையிலும் ஒரு கொட்டை வைத்தால் பட்டம், மட்டம்! தானே ஒரு சொல்லைப் படித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சமையலறையில் காய் நறுக்கும்போது ஒலி விளையாட்டு ஆடலாம். "'வெ'-யில் ஆரம்பிக்கும் காய் எது?" வெண்டைக்காய், வெள்ளரிக்காய், வெங்காயம். காது பிரித்தறிந்த ஒலியைக் கண் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

இவை வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பவநகரில் பால மந்திர் நடத்தி, அடியும் பயமும் இல்லாமல் கற்பித்துக் காட்டினார். 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும், 2021-ல் தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கமும் மூன்றாம் வகுப்புக்குள் படிக்கவும் கணக்கிடவும் வர வேண்டும் என்கின்றன. 2023-ல் மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்காகப் பொம்மைகளும் புதிர்களும் அடங்கிய 'ஜாதுயி பிடாரா' பெட்டியையும் மத்திய அரசு வெளியிட்டது.

சில எச்சரிக்கைகள். வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் கொட்டையைக் கொடுக்காதீர்கள். பெரிய மூடிகளோ கரண்டிகளோ போதும். பெரிய குழந்தையானாலும் கூடவே உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'இன்னும்' என்று கேட்கும்போதே முடித்துவிடுங்கள். தப்பாகச் சொன்னால் "எப்படிச் சொன்னாய், காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி தன் அப்பாவை உட்கார வைத்து டபராவை மூடினாள். போனைப் பார்த்துக்கொண்டே அவன் தப்பாகச் சொன்னான். "பரவாயில்லை அப்பா, திறந்து எண்ணிப் பார்க்கலாம்" என்றாள். அவன் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். முப்பது வருஷங்களுக்கு முன் நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்று சாயங்காலமே ஆரம்பியுங்கள்.