கவறு, கை, கழகம்

இணையவழிச் சூதாட்டமும் சட்ட ஒழுங்குமுறையும் என்னும் பொருளில் துறையூரில் இரண்டு நாள் கூடும் இக்கருத்தரங்கின் தலைமையிருக்கை, சட்டத்தில் முறையான பயிற்சியின்றிப் பழைய உரைநூல்களோடு காலம் கழித்த ஒருவருக்கு வழங்கப்பட்டிருப்பது, அவருக்குப் பெருமையையும் ஓரளவு நடுக்கத்தையும் ஒருங்கே தருவதாகும். வழக்கறிஞர்களும் சட்டப் பேராசிரியர்களும் நிறைந்த அவையில் சட்டத்தின் அரிச்சுவடியை விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகவே முடியும். எனவே யாவரும் அறிந்த செய்திகளை விரைந்து கடந்து, அறிந்தும் பேசப்படாத ஒன்றில் இவ்வுரை சற்று நெடிது நிற்கும்.

பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவில் அடங்குவன. அப்பதிவின் துணைகொண்டு தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சட்டமாகவும் கொணர்ந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அளித்த அறிக்கையை அடியொற்றி இயற்றப்பட்ட புதிய சட்டம், ஆளுநரால் ஒருமுறை திருப்பியனுப்பப்பட்டு, பேரவையில் மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியதோடு, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் எனப் பட்டியலிட்ட அட்டவணையை மட்டும் நீக்கிற்று. அதன்பின் 2025 தொடக்கத்தில் வந்த விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவைத்தன, ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின. அவ்விதிகள் செல்லும் என 2025 ஜூனில் தீர்ப்பாயிற்று. ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நாடாளுமன்றச் சட்டமோ, திறனால் வெல்வதாயினும் வாய்ப்பால் வெல்வதாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடை செய்தது. இவை பற்றிய கட்டுரைகள் இரண்டு நாளும் வாசிக்கப்படவிருப்பதால் இவ்வளவே போதும்.

இத்தனை தீர்ப்புகளிலும் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றே: ஆட்டத்தில் மேலோங்குவது திறனா, வாய்ப்பா? இக்கேள்வி தவறானது என்று கூறுவதைவிட, மூன்று கால் முக்காலியில் இரண்டு கால்களை மட்டும் எண்ணியது என்பதே பொருந்தும். திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய ‘சூது’, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில், நட்பியலில் வைக்கப்பட்டுள்ளது. அதன் ஐந்தாம் குறள், அதாவது 935, பற்று விடமாட்டாது வறியராயினார் எவற்றைப் பற்றிக்கொண்டிருந்தனர் எனக் கூறுமிடத்தில், கவறு, கழகம், கை என மூன்றை நிறுத்துகிறது. கவறு என்பது உருட்டும் காய், எனவே வாய்ப்பு. கை என்பதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் ஆடுதற்கு வேண்டும் கைத்தொழில், எனவே திறன். எஞ்சி நிற்கும் கழகம் என்பது ஆடும் களம். பிற்காலத்தில் அரசியல் கட்சிகளுக்கும் பல்கலை பயிலும் இடங்களுக்கும் பெயராக உயர்ந்த அச்சொல், குறளில் சூதாடுமிடத்தையே குறிக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தார் மிகுந்த இவ்வவையில் சொல்ல நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். நீதிமன்றங்கள் கவற்றையும் கையையும் துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்து நிறுத்துக் காலம் கழித்தன. கழகம், அதாவது களத்தை அமைத்து, காயைக் கொடுத்து, பங்கை எடுத்துக்கொள்வோர் யார் என்பது, தராசின் வெளியே நின்றுவிட்டது.

சட்டம் கழகத்தை ஒருபோதும் காணவில்லை என்று இதனால் கொள்ளுதல் கூடாது. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் தண்டிக்கப் புகுந்ததே ‘பொதுச் சூதாட்ட விடுதி’யைத்தான். ஓரிடத்தை வைத்திருப்பவர், அதைப் பயன்படுத்தக் கட்டணம் பெற்றோ வேறு வகையிலோ, தம் ஆதாயத்துக்காகச் சீட்டு முதலிய கருவிகளை அங்கே வைத்திருந்தால் அவ்விடம் அத்தகைய விடுதியாகும் என்பது அச்சட்டத்தின் விளக்கம். ஆயினும் வெறும் திறன் விளையாட்டுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற ஒரு விலக்கு 11ஆம் பிரிவில் இடப்பட்டது. பிற்காலத்து வழக்கெல்லாம் அந்த விலக்கின் மேலேயே நடந்தன. வீட்டைக் கட்டியவன் வாசலை மறந்து, பின்புறச் சன்னலைப் பற்றியே வழக்காடியது போன்ற நிலை அது.

இங்கே இவ்வுரையின் உண்மையான வழக்கு தொடங்குகிறது. ரம்மி திறன் விளையாட்டு என்பதற்கு எல்லாரும் காட்டும் சான்று, ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பர் 22 அன்று அளித்த தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் சீட்டாடியவர்களைக் காவல்துறை பிடித்ததிலிருந்து எழுந்த வழக்கு அது. நீதிபதி இதாயத்துல்லா எழுதிய அத்தீர்ப்பில், மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முழுவதும் வாய்ப்பைச் சார்ந்ததன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும் எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது எனத் தேரவும் கணிசமான திறன் வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இப்பகுதி எல்லா இணைய விளையாட்டு நிறுவனங்களின் மனுக்களிலும், நூற்றுக்கணக்கான கட்டுரைகளிலும் இடம்பெற்றுவிட்டது. இதே தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. வேறு வகையில் சூதாட்டம் நடந்ததற்குச் சான்றிருந்தாலும், பந்தயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்தோ வேறோர் ஆட்டத்திலிருந்தோ இடத்தின் உரிமையாளரோ மன்றமோ ஆதாயம் பெறுவது நிறுவப்பட்டாலும், குற்றம் நிலைநாட்டப்படக்கூடும் என்பதே அதன் கருத்து. அவ்வழக்கில் மன்றம் பெற்ற கட்டணம் விளையாட்டு வசதி தருவதற்கான சிறு தொகை என்று கருதப்பட்டதால்தான் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடப்பட்டனர். எனவே அத்தீர்ப்பு திறனை மட்டும் பேசியதன்று, குறள் கூறிய மூன்றையும் கண்டது. பாதியை மட்டும் படித்தவர்கள் அதன் பின்வந்தோர்தாம்.

இத்துறையின் மூத்த அறிஞர் சிலர், 1967 தீர்ப்பின் பின்பகுதி தீர்ப்புக்கு இன்றியமையாததன்று, போகிற போக்கில் சொன்னதே எனப் பலமுறை எழுதியுள்ளனர். அவர்களுடைய உழைப்பின் மேல் மரியாதை உண்டு, எனினும் உடன்பட இயலவில்லை. மன்றம் பெற்ற ஆதாயம் சிறியது என்பதே விடுவிப்புக்கு ஒரு காரணமாகியிருக்கும்போது, அது போகிற போக்கில் சொன்னதாக எவ்வாறு ஆகும் என்பதற்கு விடை தரப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர்த்தரப்பிலும் ஒரு திருத்தம் தேவை. பணம் வைத்து ஆடும் ரம்மி குற்றமே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் மகாலட்சுமி பண்பாட்டுக் கழக வழக்கில் கூறியதைத் தடையை ஆதரிப்போர் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். (அச்சங்கத்தின் பெயரிலும் கழகம் வந்து நிற்பது தற்செயலே.) அத்தீர்ப்பின் மேல் எழுந்த மேல்முறையீட்டில் 2015இல் மூல மனுவையே திரும்பப் பெற உச்ச நீதிமன்றம் அனுமதித்ததால், 2012இன் கருத்துரைகள் நிலைக்கவில்லை. செத்துப்போன தீர்ப்பைச் சான்றாக நிறுத்துவது தடைவாதத்துக்கு வலிமை சேர்ப்பதன்று.

திறனா வாய்ப்பா என்னும் அளவுகோல் எவ்வளவு பயனற்றது என்பதைக் காணத் திருவரங்கத்துக்குச் சென்றால் போதும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் குடும்பங்கள் விடிய விடியப் பரமபதம் ஆடுவது வழக்கம். அதில் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் உருட்டியதில் விழும் எண்ணைத் தவிர வேறெதையும் பொறுத்ததில்லை. திறன் என்பது அணுவளவும் இல்லாத அவ்வாட்டத்தால் தாலி அடகுக்குப் போனதில்லை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் கரைந்ததில்லை. திறன் மேலோங்குவதாக உச்ச நீதிமன்றமே சான்றளித்த ரம்மியால் வந்த அழிவு சந்துரு குழுவை அமைக்கும் அளவுக்குச் சென்றது. பரமபதத்தில் கவறு உண்டு, கழகம் இல்லை. வேறுபாடு இவ்வளவே.

கழகமில்லாத ஆட்டத்திலும் வஞ்சம் நுழையும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார் உரிமை கொண்டாடத்தக்க ஒரு சான்று உண்டு. உறையூரைத் தலைநகராகக் கொண்டிருந்த சோழர் குடியில் நலங்கிள்ளியின் தம்பியாகப் பிறந்த மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடியபோது, புலவர் ஒரு காயைக் கையில் மறைக்க, வெகுண்ட இளவரசன் வட்டைக் கொண்டு எறிந்தான், நீ சோழன் மகன் அல்லை எனப் புலவர் சொன்னதும் நாணி நின்றான். பிழை தம்முடையதே என ஒப்புக்கொண்டு புலவர் பாடியதாக உள்ளது புறநானூற்றின் 43ஆம் பாட்டு. ஆட்டத்தின் செய்தியைத் தருவது பாட்டன்று, பாட்டின் இறுதியில் நிற்கும் பழங்குறிப்பு. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்ததிலிருந்து அச்சில் இருந்தும் சூதாட்டச் சட்டம் பேசுவோர் கண்ணில் அது படவில்லை. இலக்கிய ஆய்வாளர் சிலரோ இதைக் கொண்டு சங்க கால மன்னர் சூதாடினர் என எழுதிவிடுகின்றனர். அக்குறிப்பில் பணயம் எதுவும் கூறப்படவில்லை. வட்டும் வல்லும் பொழுதுபோக்காகவும் நிகழ்ந்தன என்பதற்கு, ஊர் மன்றத்தில் நரைத்த முதியோர் காய் இட்டு இட்டுக் குழிந்த இடத்தைக் காட்டும் 52ஆம் பாட்டே போதிய சான்று. வல் என்னும் சொல்லோடு ஆட்டக்காயைக் குறிக்கும் நாய், பலகை ஆகிய சொற்கள் புணரும் முறைக்கென விதி வகுக்கும் அளவுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் அவ்வாட்டத்தை அறிந்திருந்தது. கை கரத்தல் என அப்பழங்குறிப்பு சொல்லும் செயல், இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்ததால் உடனே கண்டறியப்பட்டது, நாணத்தோடும் மன்னிப்போடும் முடிந்தது.

இணையக் களத்தில் கை கரத்தலைக் காண யாருக்கும் கண்ணில்லை. எதிரே ஆடுவது மனிதரா, நிறுவனம் நிறுத்திய ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரலா என்பதையும், சீட்டைக் கலைப்பது எவ்வாறு என்பதையும் ஆடுபவர் அறிய வழியில்லை என்று தமிழ்நாடு அரசே நீதிமன்றத்தில் வாதிட்டது. யார் வென்றாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு நிறுவனத்துக்குச் செல்கிறது. குறளில், வென்ற பொருளும் மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்னும் கருத்து சூதாடியைப் பற்றியதாகவே விளக்கப்பட்டு வருகிறது. ஆனால் தூண்டில் தானாக நீரில் இறங்குவதில்லை, கரையில் ஒருவர் கோலைப் பிடித்திருக்கிறார். கோலைப் பிடித்தவர் எப்போதும் தனியாரே எனவும் சொல்ல முடியாது. 1968இல் தமிழக அரசு தானே பரிசுச்சீட்டு விற்றது; 2003இல் அதைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் மூணு நம்பர் லாட்டரி துண்டுச்சீட்டில் எழுதி விற்கப்படுவதையும், அதற்காகக் கைது நடப்பதையும் இம்மாவட்டத்து நாளிதழ் வாசகர் அறிவர். கௌடலியரின் அர்த்தசாத்திரம் சூதுக்கென ஓர் அத்தியட்சரை நியமித்து, ஆட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம் விதித்து, வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்தை அரசுக்கென எடுத்தது. 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத் தொகை முழுவதன் மேலும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதித்த அரசு, கௌடலியரைவிடக் கண்டிப்பான பங்காளி.

மேலை நாடுகள் இவ்விடத்தில் சற்று உதவும். ஜெர்மனியில் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம், எல்லா நிறுவனங்களையும் சேர்த்து ஒருவர் மாதத்துக்குப் பொதுவாக 1,000 யூரோவுக்கு மேல் கட்டக்கூடாதெனவும், இணையச் சுழல் இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு 1 யூரோவும் குறைந்தது 5 வினாடியும் எனவும் வரம்பிட்டது. சுவீடனில் 2019 முதல் ஒருவர் ஒரே பதிவால் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் தம்மை விலக்கிக்கொள்ளலாம். இவ்விரண்டும் ஆடுபவரின் கைத்திறனை அளப்பதில்லை. களத்தை நடத்துவோர் என்ன செய்யலாம் என்பதையே அளக்கின்றன. அங்கேயும் உரிமமற்ற தளங்கள் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை.

2025ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் திறன், வாய்ப்பு என்ற பிரிவினையைக் கைவிட்டதோடு, ஆடுபவரைத் தண்டிக்காமல், நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் வைத்தது. கழகத்தைக் கண்ட அளவில் அச்சட்டம் பாராட்டுக்குரியது. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை வைத்திருக்கிறது; வலையில் விழுந்த மீனையும் தண்டிக்கும் அப்பிரிவு நீக்கத்தக்கதே என்பது இவ்வுரையின் துணிபு. நடுவணரசுச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே பழைய தராசு மீண்டும் எடுக்கப்படும் என்பதில் ஐயமில்லை, ஏனெனில் நிறுவனங்களுக்குப் பழகிய களம் அதுவே.

இந்த இரண்டு நாளில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் எத்தனையோ கட்டுரைகள் 1967 தீர்ப்பை எடுத்தாளும். அவற்றை எழுதியவர்கள், ரம்மிக்குத் திறன் வேண்டும் என்ற வரிகளோடு, மன்றத்தின் ஆதாயம் பற்றிய வரிகளையும் சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வு தொடங்கிவைக்கப்படுகிறது.