இடுப்பு மூட்டும் காந்தப் படமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு மருத்துவப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் வண்டியில் நாள்தோறும் வேலைக்குப் போவோருடன், பெரிய உறையில் எக்ஸ்ரே படத்தைச் சுமந்து செல்வோரும் ஏறுகின்றனர். "எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, மறுபடியும் எம்.ஆர்.ஐ. எதற்கு?" என்பதே அவர்களிற் பலருடைய வினா. ஆயிரக்கணக்கில் செலவாகும் சோதனையாதலின் அவ்வினா நியாயமானதே. விடை தேடி நான் படித்தறிந்தவற்றைச் சொல்ல முற்படுகிறேன்.

தொடை எலும்பின் உச்சி பந்து போன்றது. அது பொருந்தும் இடுப்பெலும்புக் குழி கிண்ணம் போன்றது. இரண்டின்மீதும் சில மில்லிமீட்டர் கனமே உள்ள வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு நரம்பில்லை, ஆகவே தேயத் தொடங்குங்கால் அது வலியென்று முறையிடாது. இரத்தக் குழாயுமில்லை, ஆகவே தேய்ந்தது எளிதில் வளராது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அந்நீரைத் தாங்கி நிற்பவை கொல்லாஜன் என்னும் புரத நார்வலையும், அதனூடே பொதிந்த சர்க்கரைச் சேர்மங்களும் ஆகும்.

இந்தக் கொல்லாஜன் மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்குண்ட அமைப்புடையது என்பதை 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அதே இராமச்சந்திரன் 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளுருவத்தைக் கணக்கிட்டு மீட்கும் ஒரு முறையையும் வகுத்தார். சி.டி. ஸ்கேன் கணக்கிலே அம்முறை பெரிதும் பயன்பட்டது. நமக்கு நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலோ, 1951-லேயே ஜி. சூர்யன் என்பார் ஓடும் திரவத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். இச்செய்திகள் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் இன்னும் சற்று விரிவாக இடம்பெறலாகாதா என்பது என் ஆதங்கம். அவ்வொத்ததிர்வைக் கொண்டே படம் வரையலாம் என்று 1973-இல் காட்டியவர் அமெரிக்கரான பால் லாட்டர்பர். அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, வினாவுக்கு வருவோம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே கருமையாய்க் காணும் இடைவெளியைக் கொண்டு அதன் கனத்தை ஊகித்துக்கொள்வதே வழக்கம். எம்.ஆர்.ஐ. கருவியோ நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, வானொலி அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் குறிப்பைப் படமாக்குகிறது. நீர் நிறைந்த குருத்தெலும்பு அதில் நேரே தெரிகிறது.

எனினும் இடுப்பு மூட்டு எளிதில் அகப்படுவதன்று. ஈரடுக்குக் குருத்தெலும்பும் மெல்லியது, வளைந்தது, ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது. ஆகவே சிலருக்கு மூட்டுக்குள்ளே மருந்தைச் செலுத்திப் படமெடுப்பர். வேறொரு முறை இன்னும் நுட்பமானது. கடோலினியம் கலந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிச் சிறிது நேரம் நடக்கச் செய்வர். அம்மருந்தும் எதிர்மின்னேற்றமுடையது, குருத்தெலும்பின் சர்க்கரைச் சேர்மமும் அத்தகையதே. ஒத்தவை ஒன்றையொன்று விலக்குமென்று பள்ளியில் படித்தோமல்லவா? சேர்மம் குறைந்த இடத்திலேதான் மருந்து மிகுதியாகப் புகும். கனம் குறையுமுன்பே சீர்கேடு புலப்படுவது இவ்வாறே. இது எல்லா மருத்துவமனைகளிலும் நடைபெறுவதன்று. பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களில் காண்பது.

ஆண்டுக்கணக்காகப் பளு தூக்கி உழைத்தோருக்கு இடுப்பு மூட்டுத் தேய்வு மிகுதி என்பர். 2001-இல் மூடப்பட்ட நம் சுரங்கங்களில் பாடுபட்ட முதியோர் இதைக் கருதல் வேண்டும். எக்ஸ்ரேயிலேயே இடைவெளி அற்றுப்போயிருந்தால், தேய்வை அறியப் பெரும்பாலும் மறுபடம் தேவைப்படாது. எதற்கென்று மருத்துவரைக் கேட்டுத் தெளிந்த பின் பணங்கட்டுக. ஆனால் இளவயதினருக்குத் தொடை இடுக்கில் வலி நீடித்து, எக்ஸ்ரே மட்டும் குற்றமற்றிருந்தால், "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடலாகாது. இரத்த ஓட்டம் குன்றிப் பந்தெலும்பு மடியும் நோய் ஒன்றுண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு உண்போருக்கும் மிகுதியாகக் குடிப்போருக்கும் அது வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரே அதைக் காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும். எலும்பு நொறுங்குமுன் கண்டால் குருத்தெலும்பையும் காக்க இடமுண்டு. இங்கே பணத்தைப் பார்த்துத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

இன்னொன்று. இக்காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு வலியது. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும், சிறுநீரகக் கோளாறுடையோரும் முன்னரே சொல்லிவிட வேண்டும். பட்டறையிலோ சுரங்கத்திலோ எப்போதேனும் கண்ணில் இரும்புத் துணுக்கு தெறித்திருந்தால், அது முப்பதாண்டுகட்கு முந்திய செய்தியாயினும், கருவியறைக்குள் நுழையுமுன் கூறிவிடுங்கள். நம் காலனியில் அத்தகையோர் வீட்டுக்கு ஒருவரேனும் இருப்பர்.