சூடேற்றுகிறவனுக்கும் குளிரூட்டுகிறவனுக்கும் என்ன கூலி?

(விருத்தாசலத்தில் தொழிலாளர் முன் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய தத்துவ விஷயம் ஒன்றுமல்ல. ஒரு தொழிலாளி மாதம் முடிந்ததும் வீட்டிற்கு எவ்வளவு கொண்டுபோகிறான், ஏன் அவ்வளவுதான் கொண்டுபோகிறான் என்கின்ற சங்கதிதான். இதைக் கேட்டால் சில பெரியவர்கள், "அவனவன் தலையெழுத்து, எழுதினபடிதானே வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தலையில் எழுதினவன் எவனென்று நமக்குத் தெரியாது. ஆனால் சம்பளப் பட்டுவாடா நோட்டில் எழுதுகிறவன் யாரென்று நமக்கு நன்றாய்த் தெரியும். ஆகவே தெரிந்தவன் எழுதுகின்ற எழுத்தைப் பற்றியே பேசுவோம்.

விருத்தாசலம் என்றால் வெளியூராருக்குக் கோயிலும் ரயில் ஜங்ஷனும்தான் ஞாபகத்திற்கு வரும். இந்த ஊர்க்காரர்களுக்கோ பீங்கான் வேலை. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில் கற்றுக்கொடுக்கிற பாலிடெக்னிக் இருக்கிறது. பொம்மையும், அகலும், மின்சாரத்துக்கான பீங்கான் சாமானும் சுட்டெடுத்த கைகள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இன்று அப்பன் சூளையில் வெந்துகொண்டிருக்க, மகன் ஏசி மெக்கானிக் வேலைக்கு ஐ.டி.ஐ.யில் சேர மனுப் போடுகிறான். அப்பனும், "இந்த நெருப்பு நம்மோடு போகட்டும்" என்கிறார். மகன் போகும் இடத்திலாவது கூலி நியாயமாய்க் கிடைக்குமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

முதலில் இரண்டும் வேறு வேறு வேலை என்று நினைப்பதே சரியல்ல. இரண்டும் வெப்பத்தை ஆளுகிற வேலைதான். சூளைக்காரர் செய்வது என்ன? ஈரமாயிருக்கும் மண்ணை அவசரப்பட்டுச் சூடாக்கினால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகிப் பாண்டத்தை உடைத்துவிடும். ஆகையால் முதலில் மெள்ள ஏற்றவேண்டும். மின்சாரச் சாமானுக்கான பீங்கானாயிருந்தால் 1,200 டிகிரிக்கு மேலே கொண்டுபோகவேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஆறவைக்கும் கஷ்டம். மண்ணில் சேர்ந்திருக்கிற வெண்கல்பொடி 573 டிகிரியில் திடீரென்று பருமன் மாறும். அந்த இடத்தில் சூளையை வேகமாய் ஆறவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, விற்ற பிறகு உடையும். ஒரு ராத்திரி ஒருவர் கண் அசந்தால் ஐம்பது பேர் பத்து நாள் செய்த வேலை குப்பைக்குப் போகும். இவ்வளவு பொறுப்பு ஒரு மனிதர் தலையில் இருக்கிறது. ஆனால் சம்பள நோட்டில் அவரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பல இடங்களில் சாதாரணக் கூலியாளாகவே எழுதியிருக்கும். ஏனென்றால் அவரிடம் வித்தை இருக்கிறது; வித்தை இருப்பதாகச் சொல்லுகிற காகிதம் இல்லை!

ஏசி மெக்கானிக் செய்வதும் இதேதான். அவன் குளிரை எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை, காஸைக் கொண்டு வாரி வெளியே கொட்டுகிறான். இந்த இயந்திரத்தை 1902-இல் அமெரிக்காவில் காரியர் என்பவர் செய்தார். எதற்காகச் செய்தார் என்றால், வெயிலில் வெந்துகொண்டிருந்த தொழிலாளிக்காக அல்ல. ஓர் அச்சுக்கூடத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ணம் ஒன்றின்மேல் ஒன்று சரியாய் உட்காரவில்லை என்பதற்காக! மனிதன் வேர்த்தால் பரவாயில்லை, காகிதம் வேர்க்கக்கூடாது. முதலாளி உலகத்தின் கவலை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

நிற்க, மகன் தேடிப்போகும் தொழிலில் ஒரு விசேஷம் இருக்கிறது. மண்பாண்டத் தொழிலை நம் நாட்டில் ஒரு ஜாதிக்கென்று கட்டிவைத்தார்கள். சட்டிபானை செய்கிறவன் பிள்ளை சட்டிபானைதான் செய்யவேண்டும். அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் ஒதுங்கி நின்று, மிராசுதார் அளந்து போடுகிற நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். பேரம் பேச முடியுமா? "வேறு வேலைக்குப் போகிறேன்" என்று சொல்ல முடிந்தவனுக்குத்தானே பேரம் பேச முடியும்! பிறப்பினால் தொழில் என்று வைத்ததன் முழு இரகசியமும் இதுதான். கூலியை உயர்த்திக் கேட்கிற வாயை அடைப்பதற்கே அதைச் செய்தார்கள். ஆனால் ஏசி மெக்கானிக் தொழிலுக்கு எந்த சாஸ்திரத்திலும் ஜாதி குறிக்கவில்லை. எழுதினவர்கள் காலத்தில் அந்த இயந்திரம் இல்லாதது நம் அதிர்ஷ்டம். யார் பிள்ளையும் படிக்கலாம், யார் வீட்டு மாடியிலும் ஏறலாம். இது பெரிய லாபந்தான், சந்தேகமில்லை.

ஆனால், தோழர்களே, ஜாதி போன இடத்தில் காண்டிராக்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொள்ளுகிற தொகை இது. ஒரு வீட்டில் ஏசியைக் கழுவித் துடைத்துக் கொடுக்க 700 ரூபாய் வாங்குவதாக வையுங்கள். ஏப்ரல் மாதம் ஒரு தொழிலாளி தினம் 4 வீடு பார்க்கிறான். ஒரு நாளைக்கு 2,800. 26 நாளைக்கு 72,800 ரூபாய். அவனுக்கு வேலைக்கு 200 வீதம் கொடுப்பதாக வைத்தால் அவன் கையில் வருவது 20,800. மீதி 52,000. அதில் கடை வாடகை உண்டு, வண்டி உண்டு, சாமான் உண்டு, வரி உண்டு. இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை என்றாவது தொழிலாளிக்குக் காட்டினார்களா? இனி நவம்பர் வரட்டும். மழை கொட்டுகிறது, ஏசியை யார் நினைக்கிறார்கள்? தினம் ஒரு வீடு கிடைத்தால் பெரிது. அப்பொழுது அவன் வாங்குவது 5,200. வெயில் காலத்து லாபம் முதலாளிக்கு, மழைக் காலத்து நஷ்டம் தொழிலாளிக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. ஆகவே ஒரு பையன், "எனக்கு மாதம் 20,000 வருகிறது" என்று மே மாதத்தில் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஐப்பசியில் எவ்வளவு வருகிறது என்றும் கேளுங்கள்.

வேலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனைவிட மாதச் சம்பளக்காரன் நிலை மேல். கடையில் சம்பளம் வாங்குகிறவனைவிட, ஆஸ்பத்திரியிலும் பெரிய ஆலையிலும் குளிர் இயந்திரத்தைக் கவனிக்கிறவன் நிலை மேல். கழுவித் துடைக்க மட்டும் தெரிந்தவனைவிட, மின்சாரப் பலகையில் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குக் கூடக் கிடைக்கும். சொந்தமாய் வாக்குவம் பம்பும், காஸ் அளக்கும் கேஜும், பற்றவைக்கும் டார்ச்சும் வைத்திருப்பவன் தனியாகவே நின்று கொள்ளலாம். இவையெல்லாம் உண்மை. படிக்கிற பிள்ளைகள் கவனத்தில் வைக்கவேண்டியவை. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி, "திறமையை வளர்த்துக்கொள், கூலி தானே வரும்" என்று உபதேசம் செய்கிறவர்களை நாம் நம்பத் தயாராயில்லை. திறமைக்குத் தானே கூலி வருமென்றால், நம் சூளைக்காரருக்கு ஏன் வரவில்லை?

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்க அரசாங்கத்தார் ஒவ்வொரு தொழிலுக்கும் என்ன கூலி என்று கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். 2023 மே மாதக் கணக்குப்படி, அந்நாட்டில் வேலை செய்கிற எல்லோரையும் கூலி வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவருக்கு வருஷத்திற்கு 48,060 டாலர். வெப்ப, குளிர் இயந்திர மெக்கானிக்குகளை மட்டும் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 57,300 டாலர். இதை ரூபாயாக்கிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அங்கே வாடகையும் சோறும் டாலரில்தான். நாம் பார்க்கவேண்டியது, அங்கே இந்தத் தொழிலாளி நடுவரிசைக்கு மேலே நிற்கிறான் என்பதை. ஏன் நிற்கிறான்? மூன்று முதல் ஐந்து வருஷம் சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறான். 1990-இல் திருத்திய காற்றுத் தூய்மைச் சட்டத்தின்படி, சான்று பெறாத எவனும் குளிர் இயந்திரத்தின் காஸ் பகுதியைத் திறக்கக்கூடாது. ஆகவே தெருவில் போகிறவனைப் பிடித்துப் பாதிக் கூலிக்கு அந்த வேலையைச் செய்யச் சொல்ல முடியாது. நம் நாட்டில் 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிர்விப்புச் செயல் திட்டத்தில், 2022-23-க்குள் 1 லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் சான்று உள்ளவன்தான் தொடவேண்டும் என்று கட்டாயம் வைக்காமல் சான்றை மட்டும் கொடுத்தால், அது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் பயன்படும்.

இதில் உயிர் சங்கதியும் இருக்கிறது. இப்பொழுது வரும் ஏசிகளில் பலவற்றில் தீப்பற்றக்கூடிய காஸ். சிலவற்றில் இருப்பது புரொப்பேன். நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கிறதே, அந்த இனம். அதன் பக்கத்தில் டார்ச்சைக் கொளுத்திப் பற்றவைக்கிறான் பையன். மூன்றாம் மாடிச் சுவரில், இடுப்பில் கயிறு இல்லாமல், துருப்பிடித்த தாங்கியின்மேல் கால் வைத்து நிற்கிறான். விழுந்தால் யார் பொறுப்பு? வீட்டுக்காரர் கடையைக் காட்டுவார், கடைக்காரர் காண்டிராக்டரைக் காட்டுவார், காண்டிராக்டர் "அவன் நம் ஆளே இல்லை" என்பார். பக்கத்திலுள்ள நெய்வேலியை மறந்துவிட்டீர்களா? 2020 மே 7-ஆம் தேதி ஒரு கொதிகலன் விபத்து. இரண்டு மாதம் ஆகுமுன் ஜூலை 1-ஆம் தேதி இன்னொன்று. ஜூலையில் அன்றே 6 பேர் மாண்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் பலர் மாண்டார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள் எத்தனை பேர்! நிரந்தரத் தொழிலாளியைச் சுடுகிற அதே நெருப்புத்தான் ஒப்பந்தத் தொழிலாளியையும் சுடுகிறது. கூலி மாத்திரம் ஏன் வேறாயிருக்கவேண்டும்? அந்த ஊர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பல தடவை வேலைநிறுத்தம் செய்தார்கள். கொஞ்சமாவது கிடைத்ததென்றால், கேட்டதனால்தான் கிடைத்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 2019-இல் அதையும் வேறு சட்டங்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாக நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலாவதாக அறிவித்தார்கள். மிகை நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது பழைய பாக்டரிச் சட்டத்திலும் உண்டு, புதிய தொகுப்பிலும் உண்டு. விடிய விடியச் சூளை காக்கிறவர்களில் இரட்டிப்பு வாங்கியவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்! நாடு முழுவதுக்கும் கடைசித் தரையாக ஒரு கூலியை மத்திய அரசாங்கத்தார் சொன்னார்களே, அது 2017-இல் நாளைக்கு 176 ரூபாய். 2019-இல் பெரிய மனசு பண்ணி 178 ஆக்கினார்கள். இரண்டு வருஷத்திற்கு இரண்டு ரூபாய்! 26 நாள் வேலை செய்தால் 4,628. இதைத் தரை என்று சொல்வதா, பள்ளம் என்று சொல்வதா?

இன்று நீங்கள் வாங்குகிறது எவ்வளவாயிருந்தாலும் அதற்குச் சீட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டும், வருங்கால வைப்பு நிதி எண்ணும், இ.எஸ்.ஐ. எண்ணும் இல்லாதவன் விபத்தில் மாண்டால், அவன் அங்கே வேலை செய்தான் என்பதையே அவன் மனைவி ருசுப்படுத்த வேண்டியிருக்கிறது. தனியாய்ப் போய்க் கேட்டால் வேலை போய்விடும் என்று பயமிருந்தால், பத்துப் பேராய்ப் போங்கள். கடைக்குக் கடை ஏசி மெக்கானிக்குகள் ஒரே சங்கமாய்ச் சேர்ந்து, "இந்த வேலைக்கு இந்தத் தொகைக்குக் குறைந்து யாரும் தொடமாட்டோம்" என்று ஏப்ரல் மாதத்தில் சொல்லிப் பாருங்கள். நவம்பரில் சொன்னால் காண்டிராக்டர் சிரிப்பார். ஏப்ரலில் சொன்னால் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுப்பார்.

இரண்டு தோழர்கள் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று, "வளைகுடாவுக்கு ஏசி வேலைக்குப் போகலாமா?" என்பது. போகலாம். ஆனால் அங்கேயும் உங்கள் கூலியை நிர்ணயிப்பது உங்கள் திறமை மாத்திரமல்ல. வளைகுடாவுக்குப் போகும் நம் தொழிலாளிக்கு இதற்குக் குறைந்து கொடுக்கக்கூடாது என்று நம் அரசாங்கத்தாரே ஒரு தொகை வைத்திருந்தார்கள். 2020 செப்டம்பரில் அதை 30 முதல் 50 சதவிகிதம் வரை அவர்களே குறைத்தார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு 2021 ஜூலையில் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகவே ஏஜெண்டு வாயால் சொல்லுகிற சம்பளத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். ஒப்பந்தக் காகிதத்தை, புறப்படுமுன், உங்களுக்குப் புரியும் பாஷையில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டை அங்கே யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

மற்றொரு சீட்டு ஒரு தாயார் எழுதியது. "என் பெண் பத்தாவது தேறியிருக்கிறாள். இந்த ஏசி படிப்பில் சேர்க்கலாமா, ஊரார் சிரிப்பார்களா?" என்று கேட்கிறார். அம்மா! பீங்கான் கூடங்களில் அச்சில் வார்க்கிறவர்களும், பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்களும் பெண்கள்தானே? அப்பொழுது ஊரார் சிரிக்கவில்லை; ஆண் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தபோதும் சிரிக்கவில்லை. இப்பொழுது மட்டும் எதற்குச் சிரிக்கவேண்டும்? பத்தாவதில் விஞ்ஞானமும் கணக்கும் படித்துத் தேறினவர்களுக்கு அந்த இரண்டு வருஷப் படிப்பில் இடமுண்டு. அரசாங்க ஐ.டி.ஐ.யில் படிப்புக்குச் சம்பளம் கட்டவேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆரம்பித்த திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ளது, ஐ.டி.ஐ. படிப்பும் அதில் சேர்ந்ததே. மதிப்பெண் சீட்டையும், ஆதாரையும், ஜாதிச் சான்றையும் எடுத்துக்கொண்டு பெண்ணையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையில் ஐ.டி.ஐ. ஆபீசுக்குப் போங்கள். மனுப் பாரத்தை அவளே எழுதட்டும்.