புஸ்தகத் தலைப்பிலும் தீண்டாமை

கே.கே. நகரிலிருந்து நத்தம் ரோட்டுக்குப் போய், 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நுழைந்தால், புஸ்தகத்தின் பெயர் தெரியாமல் நாம் விழிக்க வேண்டியதில்லை. விஷயத்தைச் சொன்னாலே போதும். எந்த நல்ல நூலகத்திலும் ஒரே விஷயத்துப் புஸ்தகங்களை ஒரு தலைப்பின்கீழ்ச் சேர்த்திருப்பார்கள். ஆனால் அத்தலைப்புகள் ஒன்றும் வேதம்போல் வானத்திலிருந்து விழுந்தவையல்ல, மனிதர் வைத்தவையே!

உலகில் பல நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் லைப்ரரிப் பட்டியலில், தாழ்த்தப்பட்ட நம் தோழர்களுக்கு வைத்திருந்த தலைப்பு 'தீண்டத்தகாதவர்கள்' என்பது. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அந்தத் தலைப்போ அதன் பின்னும் நெடுங்காலம் உட்கார்ந்திருந்து, பிறகே 'தலித்துகள்' என்று மாறியது. ஆகவே 1924-ல் நடந்த வைக்கம் போராட்டத்தைப் பற்றித் தேடுகிறவர்கள், மனம் கொதித்தாலும், அந்த இழிபெயரிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். திருத்தாத பழைய கேட்லாக்குகளில் புஸ்தகங்கள் இன்னும் அதன்கீழேதான் கிடக்கின்றன.